திரிகடுகமும் நெஞ்சக நோயும்: நூற்சான்றின் எல்லை

1. முன்னுரை

மருந்து நூலும் இலக்கிய நூலும் தமிழில் நெடுங்காலம் ஒன்றையொன்று அடுத்தே வாழ்ந்து வந்துள்ளன. அறம் உரைக்கப் புகுந்த புலவர் மருந்தின் பெயரைத் தம் நூலுக்கு இட்டனர். மருந்து உரைக்கப் புகுந்தோர் செய்யுளையே கருவியாகக் கொண்டனர். இவ்வுறவினால் தமிழாசிரியரை நாடி மருத்துவ வினாக்களும் ஒரோவழி வருவதுண்டு. அத்தகைய வினா ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

எம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தையார் மாரடைப்புற்று, மருத்துவமனையினின்றும் மீண்டு இல்லத்தில் ஓய்ந்திருந்தார். உறவினர் ஒருவர் அவர்க்கென வாங்கித் தந்த குப்பியொன்றை அம்மாணவர் எம்பாற் கொணர்ந்தார். மஞ்சளினின்றும் பிரித்த சாரமும் மிளகினின்றும் பிரித்த சாரமும் அடைத்த உறைமாத்திரைகள் அதனுள் இருந்தன. மாரடைப்பிற்குப்பின் நெஞ்சகத்தில் தங்கும் அழற்சியை இம்மாத்திரை தணிக்கும் என்றும், இம்முறை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழர் கண்டது என்றும், சங்க நூல்களும் திரிகடுகமும் இதற்குச் சான்று என்றும் உடனிருந்த துண்டுத்தாள் கூறிற்று. மாணவர் எம்மை வேண்டியது ஒன்றே. "ஐயா, அந்தப் பாட்டு எந்த நூலில் எவ்விடத்தில் உள்ளது? அதனைக் காட்டினால் அப்பா நம்பிக்கையோடு உண்பார்" என்றார்.

அத்தகைய பாட்டு இல்லை. ஆயின் இவ்வொரு விடையோடு அமைதல் ஆராய்ச்சி ஆகாது. நறுமணப் பொருள்களைப் பற்றி நம் நூல்கள் கூறுவன யாவை, அவை எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகா என்பன வரையறுக்கப்பட வேண்டும். ஒரு பொருள் ஒரு காலத்தில் அறியப்பட்டிருந்தது என்பதற்கு நூல் சான்றாகும். அப்பொருள் ஒரு நோயைத் தீர்க்கும் என்பதற்கு நூல் சான்றாகாது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சங்க நூல்களிற் கறியும் மஞ்சளும்

சங்க நூல்களில் மிளகு பெரும்பான்மையும் கறி என்னும் பெயரால் வழங்குகின்றது. யவனரின் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகு கொண்டு மீண்டமையை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு உரைக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வந்திறங்கிய பொருள்களுள் மிளகு மூட்டைகளும் இருந்தமையைப் பட்டினப்பாலை காட்டும். மதுரைக்காஞ்சி குறிஞ்சி நிலத்தின் விளைபொருள்களை எண்ணுமிடத்து இஞ்சியையும் மஞ்சளையும் பசிய மிளகையும் ஒருங்கே வைத்து உரைக்கின்றது.

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு சொல்வழக்கு குறிக்கத்தக்கது. வணிகச் சாத்தினர் கழுதைமேல் ஏற்றிச் சென்ற மிளகுப் பொதியை அந்நூல் மிரியல் என்கின்றது. கறிவேப்பிலையொடும் மாதுளங்காயொடும் கலந்து சமைத்த உணவைக் கூறுமிடத்து அம்மிளகையே கறி என்கின்றது. ஒரே நூலில், சுமையாகச் செல்லும் மிளகுக்கு ஒரு பெயரும் உண்கலத்தில் விழும் மிளகுக்கு மற்றொரு பெயரும் அமைந்துள்ளன. வழியிலும் அடுக்களையிலும் மிளகு அறியப்பட்டிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

புறச்சான்றுகளும் இதனை வலியுறுத்துகின்றன. கி. பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, உரோமிற் கருமிளகு ஓர் இராத்தல் 4 தெனாரியசுக்கும் திப்பிலி 15 தெனாரியசுக்கும் விலைபோயின என எழுதியுள்ளார். எகிப்து நாட்டின் செங்கடற்கரைத் துறையாகிய பெரெனிகேயில், 1999-இல் அகழ்ந்தோர் ஒரு கோயிலின் தளத்திற் புதைந்திருந்த இந்தியத் தாழியொன்றிலிருந்து ஏறத்தாழ 7.5 கிலோகிராம் மிளகினை எடுத்தனர்.

இவையனைத்தும் விளைவு, வணிகம், உணவு என்னும் மூன்றனுள் அடங்குவன. மருத்துவத்தை அணுகிய குறிப்பு ஒன்றும் உண்டு. போரிற் புண்பட்டுக் கிடந்த வீரனைக் காக்க ஐயவி எனும் வெண்சிறுகடுகைச் சிதறியமையைப் புறநானூற்றின் 281-ஆம் பாட்டு கூறுகின்றது. ஆயின் ஆண்டும் இரவமும் வேம்பும் மனையிற் செருகுதல், மணி இயக்குதல், காஞ்சிப்பண் பாடுதல் என்பவற்றோடு சேர்ந்தே அச்செயல் வருகின்றது. அது புண்ணுற்றானைச் சூழ்ந்த காப்புச் சடங்கின் ஓர் உறுப்பு. அதனை உண்மருந்து எனக் கொள்ளுதற்கு அப்பாட்டில் இடமில்லை.

3. மருந்தின் பெயர் கொண்ட அறநூல்கள்

பதினெண்கீழ்க்கணக்கினுள் மூன்று நூல்கள் மருந்தின் பெயரால் வழங்குகின்றன. நல்லாதனார் இயற்றிய திரிகடுகம் சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றன் கூட்டால் பெயர் பெற்றது. காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்களின் கூட்டால் பெயர் பெற்றது. கணிமேதாவியார் இயற்றிய ஏலாதி, ஏலம் முதலாய ஆறு பொருள்களின் கூட்டால் பெயர் பெற்றது.

இப்பெயர்கள் விலைமதிப்புடைய வரலாற்றுச் சான்றுகளாம். ஒரு கூட்டு மருந்தின் பெயரைச் சொன்ன அளவில் அதன் உறுப்புகளின் தொகை கேட்போர் நெஞ்சிற் படவேண்டும். படாதெனின் உவமை பயனின்றிப் போம். ஆகவே இந்நூல்கள் எழுந்த சங்கம் மருவிய காலத்தே திரிகடுகம், ஏலாதி என்னும் கூட்டுகள் கற்றோரிடையே நன்கு பயின்றிருந்தன என்று துணிதல் தகும். இத்துணையும் நூற்சான்றால் நிறுவப்படுவது.

இனி, அந்நூல்களின் உள்ளே புகுந்து நோக்கின் நிலைமை வேறாகும். திரிகடுகத்தின் ஒவ்வொரு வெண்பாவும் மும்மூன்று அறங்களைக் கூறுகின்றது. சுக்கும் மிளகும் திப்பிலியும் இன்ன நோய்க்கு இன்ன அளவில் உண்ணத்தக்கன என அந்நூல் கூறவில்லை. மருந்து உடற்பிணியைப் போக்குதல்போல இவ்வறங்கள் உயிர்ப்பிணியைப் போக்கும் என்பதே பெயரின் கருத்து. நூலின் பெயரை மட்டும் படித்தோர் அதனை மருத்துவ நூலெனக் கருதி மேற்கோளாக்குதல் இக்காலத்துப் பெருகி வருகின்றது. துண்டுத்தாள் எழுதியவரும் திரிகடுகத்தின் பெயருக்கு அப்பாற் சென்றாரல்லர் என்பது தெளிவு.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் இதனினும் கருதத்தக்கது. பத்துக் குறள்களுள் ஒன்றிலேனும் ஒரு மூலிகையின் பெயரோ நறுமணப் பொருளின் பெயரோ இல்லை. மிகையும் குறையும் நோய் செய்யும் என்று தொடங்கி, முன் உண்டது அற்றது அறிந்து உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல் என்பவற்றை உரைத்து, நோயையும் அதன் முதலையும் ஆராய்தல் வேண்டுமென வற்புறுத்தி, நோயுற்றோன், மருத்துவன், மருந்து, உடனிருந்து செய்வோன் என்னும் நால்வகைக் கூற்றோடு அதிகாரம் முடிகின்றது. மருந்து என்பது அந்நான்கனுள் ஒன்றே. மற்றை மூன்றையும் விடுத்துக் குப்பியொன்றை மட்டும் தருவது வள்ளுவர் கூறிய மருத்துவம் ஆகாது.

4. சொற்பொருள் மயக்கம்

பழஞ்சொற்களுக்குப் புதுப்பொருளை ஏற்றிப் படித்தலே இத்துறையிற் பெரும் பிழைக்கு வாயிலாகின்றது. அவற்றுள் மூன்று சொற்களை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, நெஞ்சு. சங்க அகப்பாட்டுகளில் நெஞ்சு என்பது பெரும்பாலும் மனத்தையே குறிக்கும். தலைவனும் தலைவியும் தத்தம் நெஞ்சோடு உரையாடுவர். நெஞ்சு தலைவன்பின் செல்லும். செய்தி உணர்ந்து மீளும். குருதி செலுத்தும் உறுப்பு அவ்வாறு செல்வதில்லை. அகப்பாட்டில் நெஞ்சில் நிகழும் நோய் காம நோயே. அதற்கு மருந்து தலைவனோ தலைவியோ ஆவதன்றி மஞ்சளும் மிளகும் ஆகா.

இரண்டாவது, மாரடைப்பு. மார்பு அடைபடுதல் என்பதே இதன் சொற்பொருள். நெஞ்சகத் தசைக்குக் குருதி தரும் நாளத்திற் குருதி உறைந்து அடைபட, அத்தசையின் ஒரு பகுதி இறந்துபடுதல் என்பது இன்றைய மருத்துவப் பொருள். இந்நிலையை உயிரோடிருக்கும் நோயாளரிடத்தே இனங்கண்டு விளக்கியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயாம். அமெரிக்க மருத்துவர் ஹெரிக் 1912-இல் எழுதிய கட்டுரை அவ்வகையிற் புகழ்பெற்றது. மார்புவலி பண்டையோர்க்குத் தெரியாததன்று. ஆயின் வலி என்பது வேறு. அவ்வலியின் முதல் நாளத்தின் அடைப்பு எனக் காண்டல் வேறு.

மூன்றாவது, அழற்சி. இச்சொல் அழல் என்னும் அடியிற் பிறந்தது. தீயைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்நிலைக்குப் பெயரிட்டமை இலத்தீன் மொழியிலும் உண்டு. சிவத்தல், வீங்குதல், வெம்மை, வலி என்னும் நான்கு குறிகளைக் கி. பி. முதல் நூற்றாண்டிலே செல்சசு என்பார் தொகுத்துரைத்தார். தமிழ் மருத்துவ நூல்களில் அழல் என்பது வளி, அழல், ஐயம் என்னும் மூன்றனுள் ஒன்றாகிய பித்தத்தின் பெயர். இன்றைய மருத்துவர் குறிக்கும் அழற்சியோ, குருதியிலுள்ள புரதங்களாலும் அணுக்களாலும் அளந்தறியப்படுவது. அவ்வளவைக்கு மிகுதியும் பயன்படும் சி-வினைப் புரதம் 1930-இல்தான் கண்டறியப்பட்டது. பழைய நூலில் அழல் தணியும் என்றிருப்பதைக் கண்டு, சி-வினைப் புரதம் குறையும் என்று பொருள் உரைப்பது சொல்லை ஒருபுறமும் பொருளை மறுபுறமும் சிதைப்பதாகும்.

5. மருத்துவ நூல் மரபு

சித்த மருத்துவ நூல்களில் திரிகடுகு மிகப் பயின்று வருதல் உண்மை. சூரணம், இலேகியம், நெய் ஆகிய பலவற்றில் அஃது இடம்பெறுகின்றது. மஞ்சளும் உட்கொள்ளவும் மேற்பூசவும் கூறப்படுகின்றது. அகத்தியர், தேரையர் முதலியோர் பெயரால் இன்று வழங்கும் நூல்களுட் பல, சொல்லமைதி கொண்டு நோக்குமிடத்துப் பிற்காலத்தன என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. ஆகவே அந்நூல்களைக் காட்டி ஈராயிரம் ஆண்டுத் தொன்மையை நிறுவுதல் இயலாது. தொன்மை குறைந்தமையால் அவை மதிப்புக் குறைந்தன ஆகா என்பதனையும் உடன் கூறல் வேண்டும்.

அம்மரபில் மருந்து தனித்து நிற்பதில்லை. நாடி நோக்குதல், உடலின் வகை அறிதல், துணைமருந்து, உண்ணும் பொழுது, பத்தியம் என்பன அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. தேனில் தருவதும் நெய்யில் தருவதும் வெந்நீரில் தருவதும் வெவ்வேறு பயன் கருதியன. இவையனைத்தையும் நீக்கி, ஒரு பொருளினின்றும் ஒரு சாரத்தை மட்டும் பிரித்து, எந்நோயாளர்க்கும் ஒரே அளவில் விற்பது சித்த மருத்துவத்தின் வழி அன்று. உறைமாத்திரை வணிகர் மரபின் பெயரைக் கொண்டனர். அதன் கட்டுப்பாட்டைக் கொண்டாரல்லர்.

6. பொருளினின்றும் சாரத்திற்கு

நறுமணப் பொருள்களினின்றும் சாரங்களைப் பிரித்தெடுத்தல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வேதியியலாரின் தொழில். 1815-இல் வோகல், பெல்லெத்தியே என்னும் இருவர் மஞ்சளின் நிறப்பொருளைப் பிரித்துக் குர்குமின் எனப் பெயரிட்டனர். 1819-இல் தென்மார்க்கு நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட் மிளகின் காரப்பொருளாகிய பைபெரினைப் பிரித்தார். குர்குமினின் அமைப்பு 1910-இல் தெளிவாயிற்று. இவற்றுக்கு முன்னர் உலகில் எவரும் குர்குமினைத் தனியே உண்டதில்லை, மஞ்சளையே உண்டனர்.

இவ்வேறுபாடு சிறிதன்று. மஞ்சட்பொடியிற் குர்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்கே உண்டு. பின்னர்க் கூறப்படும் ஆய்வொன்றில் நாளொன்றுக்குக் கொடுத்த 4 கிராம் குர்குமின் வகையினை உணவின் வழியே பெற விழைவோர் 130 கிராமுக்கும் மேற்பட்ட மஞ்சட்பொடியை நாள்தோறும் உண்ணல் வேண்டும். குழம்பில் இடும் ஒரு சிட்டிகைக்கும் இவ்வளவிற்கும் உள்ள தொலைவே, நம் முன்னோர் வழக்கிற்கும் இக்காலக் குப்பிக்கும் உள்ள தொலைவாம்.

குர்குமின் குடலின் வழியே குருதியிற் கலப்பது மிகக் குறைவு. கலந்ததும் கல்லீரலால் விரைவில் மாற்றப்படுகின்றது. 1998-இல் பெங்களூரு ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையொன்று, 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைபெரினைச் சேர்த்து உண்பித்தபோது குருதியில் அது கிடைக்கும் அளவு நூற்றுக்கு 2000 பங்கு உயர்ந்தது எனக் காட்டிற்று. அதற்கு முன்னரே, 1981-இல் சம்மு வட்டார ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த அடல் என்பாரும் அவர்தம் துணைவரும் திரிகடுகம் பிற மருந்துகளின் கிடைப்பளவை உயர்த்தும் என்பதனை ஆராய்ந்து எழுதியிருந்தனர். கூட்டு மருந்துகள் பலவற்றில் திரிகடுகம் இடம்பெற்றதற்கு ஒரு காரணம் இதுவாகலாம் என்னும் அவர்தம் கருத்து நம் மரபை நன்கு மதித்து எழுந்தது.

ஆயின் அக்கண்டுபிடிப்பின் மறுபக்கத்தைத் துண்டுத்தாள் கூறவில்லை. குர்குமினை உடல் வெளியேற்றாதவாறு தடுக்கும் பைபெரின் பிற மருந்துகளையும் அவ்வாறே தடுக்கும். புரோப்பிரனலால், தியோபிலின் என்னும் மருந்துகளின் அளவு குருதியில் மிகுதல் 1991-இல் நலமுடையாரிடத்தே காட்டப்பட்டது. புரோப்பிரனலால் நெஞ்சக நோயாளர்க்குத் தரப்படுவது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. துணைமருந்து அறிந்து சேர்த்தால் உதவும்; அறியாது சேர்த்தால் அளவை மீறச் செய்யும்.

7. மஞ்சட் காப்புரிமை வழக்கு

பழைய நூல்கள் இக்காலத்து வழக்கொன்றிற் சான்றாக நின்று வென்றதும் உண்டு. 1995 மார்ச்சுத் திங்களில், புண்ணாற்றும் பொருட்டு மஞ்சளைப் பயன்படுத்துதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திற்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996-இல் இதனை எதிர்த்தது. வடமொழி, உருது, இந்தி முதலிய மொழிகளில் அமைந்தனவும் உட்பட 32 சான்றுகள் முன்வைக்கப்பட்டன. 1953-இல் இந்திய மருத்துவ இதழொன்றில் வந்த கட்டுரையும் அவற்றுள் ஒன்று. 1997-இல் அவ்வுரிமை செல்லாதென முடிவாயிற்று. 2001-இல் தொடங்கப்பட்ட மரபறிவு மின்னூலகத்திற் சித்த மருத்துவத் தமிழ் நூல்களும் பின்னர் இடம்பெற்றன.

இவ்வழக்கு எதனை நிறுவிற்று என்பதனை நுணுகிக் காண்டல் வேண்டும். மஞ்சளைப் புண்ணுக்கு இடுதல் புதிது அன்று. பலரும் முன்னரே அறிந்தது என்பதே நிறுவப்பட்டது. மஞ்சள் புண்ணை ஆற்றுமா, எவ்வளவில் ஆற்றும் என்னும் வினா அம்மன்றத்தின்முன் இல்லை. முன்னறிவு உண்டா என்பது நூலால் விடை பெறும் வினா. ஆகவே நூல் வென்றது. பயன் உண்டா என்பது நோயாளரிடத்தே ஆராய்ந்து விடை பெறும் வினா. ஒரு வழக்கில் வென்ற சான்றாளரை மற்றொரு வழக்கிற்கும் அழைத்து நிறுத்துதல் முறையன்று.

8. நெஞ்சக அழற்சி பற்றிய ஆய்வுகள்

அழற்சிக்கும் மாரடைப்பிற்கும் தொடர்புண்டு என்னும் கருத்து வணிகர் கட்டியதன்று. 2017-இல் வெளிவந்த பேராய்வொன்றில், முன்னர் மாரடைப்புற்றுச் சி-வினைப் புரதம் மிக்கிருந்த 10,061 நோயாளரிடத்தே கனகினுமாபு என்னும் மருந்து ஆராயப்பட்டது. 150 மில்லிகிராம் பெற்றோர்க்கு மறு அடைப்பு முதலிய தீங்குகள் நூற்றுக்கு 15 பங்கு குறைந்தன. ஆயின் தொற்று நோயால் இறந்தோர் மிகுந்தனர். மொத்த இறப்பு குறையவில்லை. அழற்சி உடலின் பகை மட்டுமன்று, காவலும் ஆம் என்பது இதனாற் பெறப்படும். இறந்த தசையை அகற்றித் தழும்பாக்குவதும் அழற்சியின் தொழிலே. அழற்சி தணிக்கும் வலிமருந்துகளுட் பல மாரடைப்புற்றோர்க்கு மறு அடைப்பை மிகுவிக்கும் என்பதும் அறியப்பட்டுள்ளது. ஆகவே, அழற்சி தணிப்பன யாவும் நெஞ்சுக்கு நன்று என்னும் முதற்கோளே பிழையுடையது.

இனி மஞ்சட் சாரத்தைப் பற்றிய ஆய்வுகள். தாய்லாந்தின் சியங்மாய் நகரில் நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், நெஞ்சக நாள மாற்றுவழி அறுவை பெற்ற 121 பேருள் ஒரு பகுதியார்க்கு நாளொன்றுக்கு 4 கிராம் குர்குமின் வகை கொடுக்கப்பட்டது. மருத்துவமனையிலிருந்த காலத்து மாரடைப்பு, மருந்து பெற்றோரில் 13.1 விழுக்காடும், பெறாதோரில் 30 விழுக்காடும் நிகழ்ந்தது. இது நம்பிக்கை தரும் முடிவே. எனினும் இது சிறு தொகையினரிடத்தே, அறுவையைச் சூழ்ந்த சில நாள்களில் நடந்தது.

பெருந்தொகையினரிடத்தே நடந்த ஆய்வு வேறு கூறிற்று. கனடா நாட்டின் 10 மருத்துவமனைகளில், வயிற்றுப் பெருநாள அறுவை பெற்ற 606 பேரிடத்தே நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், குர்குமின் அழற்சிக் குறிகளைக் குறைக்கவில்லை; சிறுநீரகத்திற்குக் கடுந்தீங்கு நேர்ந்தோர், மருந்து பெற்றோரில் 17 விழுக்காடும் பெறாதோரில் 10 விழுக்காடும் ஆவர். மாரடைப்பினின்றும் மீண்டோர் மஞ்சட் சாரம் உண்பதால் மறு அடைப்போ இறப்போ குறையும் என்பது பேராய்வு எதனாலும் நிறுவப்படவில்லை.

தீங்குகளும் பதிவாகியுள்ளன. அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் ஊறுபட்ட 10 பேரின் நிலையை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டனர். அவருள் ஒருவர் இறந்தார். நியூசிலாந்தின் மருந்துக் கண்காணிப்புத் துறை 2018-இல், குருதியுறைவைத் தடுக்கும் வார்ஃபரின் உண்டுவந்த ஒருவர் மஞ்சட் பொருளொன்றைத் தொடங்கியபின் குருதி உறையும் காலம் அஞ்சத்தக்க அளவில் நீண்டதை அறிவித்தது. மாரடைப்பினின்றும் மீண்டோர் பெரும்பாலோர் ஆசுபிரினும் அதனோடு குளோப்பிடோகிரல் அல்லது டைகாகிரெலாரும் உண்பவர். கொழுப்பைக் குறைக்க அடோர்வாஸ்டேட்டினும் உண்பர். இவற்றுள் டைகாகிரெலாரையும் அடோர்வாஸ்டேட்டினையும் உடலிற் சிதைக்கும் நொதியையே பைபெரின் தடுப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. நலமுடையார் உண்ணும் குப்பியும் இவர் உண்ணும் குப்பியும் பெயரளவில் ஒன்று, விளைவளவில் ஒன்றல்ல.

9. காந்தள்

பெல்லெத்தியே என்பாரை முன்னர்க் கண்டோம். குர்குமினைப் பிரித்த அவரே, 1820-இல் காவந்து என்பாரோடு சேர்ந்து கோல்கிசின் என்னும் மற்றொரு பொருளையும் பிரித்தார். அது மேலைநாட்டுக் கிழங்குச் செடியொன்றினின்றும் பெறப்பட்டது. அப்பொருளே நம் செங்காந்தளிலும் உண்டு. சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு உவமை கூறிய காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்கும் காந்தள், இன்று கரூர், திண்டுக்கல், திருப்பூர்ப் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடப்படுவது. அவ்விதை கோல்கிசின் எடுத்தற்பொருட்டு விற்கப்படுகின்றது.

மாரடைப்பிற்குப்பின் அழற்சி தணிக்கும் மருந்தாகப் பெருந்தொகையினரிடத்தே ஆராயப்பட்ட செடிப்பொருள் இதுவேயாம். 2019-இல் வெளிவந்த ஆய்வில், 4,745 நோயாளருள் நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் உண்டோர்க்கு மறு தீங்குகள் 5.5 விழுக்காடும், உண்ணாதோர்க்கு 7.1 விழுக்காடும் நிகழ்ந்தன. 2023-இல் அமெரிக்க அரசு இவ்வளவு மருந்தை நெஞ்சக நோய்க்கு ஒப்புக்கொண்டது. 2024-இல் வெளிவந்த 7,062 பேரின் ஆய்விலோ மாரடைப்புற்ற உடனே இதனைத் தொடங்கியோர்க்குப் பயன் காணப்படவில்லை. பேராய்வுகளும் முரண்படும் இடம் இது. அங்ஙனமாகவும் துண்டுத்தாளுக்கு ஐயமே எழவில்லை.

காந்தள் மற்றொன்றையும் கற்பிக்கின்றது. அதன் கிழங்கு கொடிய நஞ்சு. அதனை உண்டு இறந்தோர் தமிழகத்தும் ஈழத்தும் உளர். செடியினின்றும் வந்தது ஆகலின் தீங்கற்றது என்னும் நம்பிக்கையைக் காந்தள் ஒன்றே மறுக்கும். சங்க நூல்களிற் காந்தள் பயின்ற இடங்கள் பல. அவற்றுள் எவ்விடத்தும் அது நெஞ்சக மருந்தெனக் கூறப்படவில்லை. மருந்தாய்வு தேர்ந்த செடியைப் பற்றி நூல்கள் வாளா இருந்தன; நூல்கள் பேசிய மிளகையும் மஞ்சளையும் பற்றி மருந்தாய்வு இன்னும் உறுதி கூறவில்லை. இலக்கியச் சான்றும் மருத்துவச் சான்றும் வெவ்வேறு வழியிற் செல்வன என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: மிளகும் மஞ்சளும் இஞ்சியும் சங்க காலத்தே விளைந்தன, விற்கப்பட்டன, உண்ணப்பட்டன, திரிகடுகம், ஏலாதி முதலிய கூட்டுகள் சங்கம் மருவிய காலத்தே நன்கு அறியப்பட்டிருந்தன, பிற்கால மருத்துவ நூல்கள் அவற்றைப் பத்தியத்தோடும் துணைமருந்தோடும் சேர்த்து வழங்கின. சாரத்தைப் பிரித்துத் தனியே உண்ணுதல் அம்மரபினது அன்று. மாரடைப்பிற்குப் பிந்திய அழற்சியை அச்சாரம் தணிக்கும் என்பது நூலாலும் நிறுவப்படவில்லை, ஆய்வாலும் நிறுவப்படவில்லை.

தமிழ் ஆராய்ச்சியாளர் இவ்விடத்து ஏன் பேசவேண்டும் என ஐயுறுவார் உளர். நோயாளர் ஒருவர் தம் உயிரை ஒரு செய்யுளின்மேல் வைத்து நம்பும்போது, அச்செய்யுள் இல்லை என்று கூறுதற்கு உரியார் மருத்துவர் அல்லர், நாமே. முன்னோர்க்கு இல்லாத புகழை ஏற்றுதல் அவர்க்குப் பெருமை ஆகாது. அவர் கூறியதைக் கூறியவாறே காட்டுதலே அவர்க்குச் செய்யும் கடன்.

மாணவரிடம் யாம் மூன்று கூறினோம். அத்தகைய பாட்டு இல்லை என்றோம். அடுக்களை மஞ்சளும் மிளகும் உணவின் அளவில் என்றும்போல் இருக்கட்டும் என்றோம். குப்பியை எடுத்துக்கொண்டு, தந்தையார் உண்ணும் மருந்துகளின் பட்டியலோடு, அவரைப் பேணும் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும்வரை திறவாதிருக்க என்றோம். பாட்டு வேண்டி வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமின்றி நற்றிணையின் 136-ஆம் பாட்டை அவரோடு அமர்ந்து படித்தோம். தனக்கேற்ற தொடியைத் தந்த தந்தையை, நோயுற்றோர் விரும்பியதைக் கொடாது மருந்தை ஆராய்ந்து கொடுத்த அறவோனோடு ஒப்பிட்டுத் தலைவி பேசும் பாட்டு அது. அதில் மருந்தின் பெயர் இல்லை. விரும்பியதைக் கொடுத்தலும் ஆராய்ந்து கொடுத்தலும் வேறு என்னும் தெளிவே அதில் உண்டு. தந்தையாருக்கு அப்பாட்டையே படித்துக் காட்டுவதாகக் கூறி மாணவர் விடைபெற்றார்.